பிள்ளையிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவையும் ஆபரேஷன் தியேட்டரையும் கவனித்துக்கொள்ளும் மருத்துவர்கள், மயக்க மருந்து மருத்துவர்கள், செவிலியர்கள், கண்காணிப்பாளர்கள் எல்லோருக்கும் வணக்கம். ஆபரேஷனுக்கு வரும் பிள்ளையிடம், நாளைக்கு என்ன செய்யப்போகிறோம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு அங்கன்வாடி மையத்தில் வேலை பார்க்கிறேன். பால்வாடி டீச்சர் என்றால்தான் ஊரில் தெரியும். இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுவரை உள்ள பிள்ளைகளோடு பதினான்கு வருடமாக இருக்கிறேன். புதன்கிழமை தடுப்பூசி நாளில் தாய்மார்களைக் கூட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போகிறவளும் நான்தான். ஊசியைப் பார்த்ததும் எந்தப் பிள்ளை கத்தும், எந்தப் பிள்ளை சத்தமே இல்லாமல் உறைந்துபோய் நிற்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி என்று நினைத்திருந்தேன். என் மகனுக்கு ஆபரேஷன் என்று ஆகி, தாயாக அந்த வராண்டாவில் உட்கார்ந்த அன்றைக்குத்தான் எனக்கு எவ்வளவு தெரியாது என்பது தெரிந்தது.

அவனுக்கு அப்போது ஐந்து வயது. வலது பக்கம் குடலிறக்கம். அழும்போதும் முக்கும்போதும் தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவு புடைத்துக்கொண்டு வரும், படுத்தால் உள்ளே போய்விடும். பிள்ளைகளுக்குச் சகஜமாக வருவதுதான், சின்ன ஆபரேஷன்தான், தள்ளிப் போடக் கூடாது என்றார்கள். சரி என்று நாள் குறித்தோம். எந்த மருத்துவமனை என்று இங்கே எழுதப்போவதில்லை. அங்கே ஆபரேஷன் நன்றாகவே நடந்தது, தையல் போட்ட இடம் இன்று தேடினால்கூடத் தெரியாது. அந்தக் கைகளுக்கு நான் காலம் முழுக்க நன்றி சொல்வேன். நான் எழுத வந்தது அதற்கு முந்தின பதினைந்து மணி நேரத்தைப் பற்றி.

"ராத்திரி பத்து மணிக்கு மேல பச்சத்தண்ணி கூடக் குடுக்கக் கூடாது" என்றார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. காலையில் ஆறு மணிக்கே வரச் சொன்னார்கள், போய்விட்டோம். எட்டு மணி ஆனது, பத்து ஆனது. பெரிய கேஸ் ஒன்று உள்ளே போயிருக்கிறது என்றார்கள். பன்னிரண்டு மணி வாக்கில் என் பிள்ளை, "அம்மா, குடிக்க மாட்டேன். வாய் மட்டும் கொப்பளிச்சிக்கட்டுமா?" என்று கேட்டான். வராண்டா முனையில் இருந்த வாஷ்பேசினுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு வாய் தண்ணீரைக் கையில் ஏந்திக் கொடுத்துவிட்டு, அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். முழுங்கிவிடுவானோ என்று பயம். அவன் முழுங்கவில்லை, துப்பிவிட்டான். துப்பிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். பெற்ற பிள்ளை ஒரு மடக்குத் தண்ணீரை முழுங்கிவிடக் கூடாதே என்று காவல் நின்ற அந்த நிமிடம் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

ஒன்றேகால் மணிக்குக் கூப்பிட்டார்கள். உடையை மாற்றும்போது அவன் இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு இருந்தது. அவசரத்தில் இருந்த ஒரு சிஸ்டர், டிரேயிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து அதைச் சட்டென்று வெட்டினார். அவர் செய்தது தப்பில்லை. கயிறோடு தியேட்டருக்குள் போக முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் என் மகன் பார்த்தது என்ன? தன் வயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல் வருகிறது. ஆபரேஷனே தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். அதுவரை சமாளித்துக்கொண்டிருந்த பிள்ளை அப்போதுதான் வீறிட்டான். "உள்ள பொம்மை இருக்கு, வா காட்டுறேன்" என்று சொல்லி ஒருவர் அவனை என் இடுப்பிலிருந்து பிரித்துத் தூக்கிக்கொண்டு போனார். கதவு மூடியது. அவனுடைய ஒரு செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது.

உள்ளே பொம்மை இல்லை. அவனே பிறகு என்னிடம் சொன்னான். நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான்.

வெளியே கொண்டுவந்தபோது கண் திறந்திருந்தது, ஆனால் என்னைத் தெரியவில்லை. என் கையைத் தள்ளிவிட்டான், முதுகை வில்லாக வளைத்துக் கத்தினான், மருந்து ஏற்றுவதற்காகக் கையில் போட்டிருந்த வென்ஃப்ளான் குழாயைப் பிடுங்கப் பார்த்தான். பிள்ளைக்கு மூளையில் என்னமோ ஆகிவிட்டது என்று நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அரைமணி நேரத்தில் தானாகத் தெளிந்து, தோளில் சாய்ந்து தூங்கினான். மயக்கம் தெளியும்போது சின்னப் பிள்ளைகளுக்கு இப்படி வருவது உண்டு, இரண்டிலிருந்து ஐந்து வயதுக்காரர்களுக்கு அதிகம், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். இந்த ஒரு வாக்கியத்தை யாராவது காலையில் என்னிடம் சொல்லியிருந்தால் அந்த அரைமணி நேரம் அப்படிக் கழிந்திருக்காது.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் படுக்கையில் சிறுநீர் கழித்தான். அந்தப் பழக்கம் விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. தனியாகத் தூங்க மாட்டேன் என்றான். ஒரு மாதம் கழித்து முடி வெட்டக் கூட்டிக்கொண்டு போனோம். சலூன்காரர் வெள்ளைத் துணியை உதறிக் கழுத்தைச் சுற்றிப் போட்டதுதான் தாமதம், நாற்காலியிலிருந்து குதித்துத் தெருவுக்கு ஓடிவிட்டான். பாதி முடியோடு அவனைப் பிடித்துக்கொண்டு வந்தோம்.

இதையெல்லாம் குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஒரு சிஸ்டர் எத்தனை கட்டிலைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதை நாள் முழுக்க அங்கே உட்கார்ந்து பார்த்தவள் நான். அதோடு இதில் எங்கள் பங்கும் இருக்கிறது. சோறு சாப்பிடாவிட்டால் "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிருவேன்" என்று மிரட்டாத வீடு நம் ஊரில் உண்டா? என் மையத்தில் நானே சொல்லியிருக்கிறேன். பூச்சாண்டிக்கு அடுத்தபடியாக ஊசியைத்தான் நாங்கள் வைத்திருக்கிறோம். வருடக்கணக்காக ஊசியைத் தண்டனையாகக் காட்டி வளர்த்துவிட்டு, ஒருநாள் திடீரென்று "இது உன் நல்லதுக்குத்தான் கண்ணு" என்றால் பிள்ளை எப்படி நம்பும்? அந்த வார்த்தையை நான் அன்றோடு விட்டுவிட்டேன். எங்கள் மையத்துக்கு வரும் தாய்மார்களையும் விடச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிலர் விட்டிருக்கிறார்கள், சிலர் வீட்டில் பாட்டி விட மாட்டேன் என்கிறார்.

எட்டு மாதம் கழித்து அவனுக்கு இடது பக்கமும் அதே புடைப்பு வந்தது. சில பிள்ளைகளுக்கு இப்படி மறுபக்கமும் வருமாம். கேட்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. இந்த முறை புதுச்சேரியில் வேறொரு மருத்துவமனை. கடலூரிலிருந்து முள்ளோடை, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் தாண்டிப் போகிற அந்தப் பேருந்தில் அவன் என் முந்தானையை விடவே இல்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு சிஸ்டர் வந்தார். வயதானவர், குரல் கொஞ்சம் கரகரப்பு. என்னிடம் பேசவில்லை, நேராக அவனிடம் போனார். கட்டிலில் உட்காரவில்லை, குத்துக்காலிட்டு அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். "தம்பி பேரு என்ன? நாளைக்கு உனக்கு என்ன செய்யப்போறோம்னு தெரியுமா?" என்றார். அவன் தலையை ஆட்டினான். "என்ன?" "வயித்த கிழிப்பாங்க." இவன் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான் என்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

அவர் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. "கொஞ்சூண்டு, இத்தன பெரிசுதான் திறப்பாங்க" என்று தன் சுண்டுவிரல் நகத்தையும் அதற்குமேல் கொஞ்சமும் காட்டினார். "அப்ப நீ மயக்கத் தூக்கத்துல இருப்ப. ராத்திரி தூங்குறியே, அது மாதிரி இல்ல. இந்தத் தூக்கத்துல யாரு தொட்டாலும் தெரியாது, வலியும் தெரியாது. வேலை முடிஞ்சதும் டாக்டர் எழுப்பி விட்டுருவாரு. எழுப்பாம விட மாட்டாரு." பிறகு பையிலிருந்து ஒரு மாஸ்க்கை எடுத்தார். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக், ஓரத்தில் மெத்தென்று காற்று நிரப்பிய வளையம். அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். அவன் முதலில் தன்னுடைய பிளாஸ்டிக் டவுன்பஸ்ஸுக்கு அதை மாட்டினான். அப்புறம் எனக்கு. அப்புறம் மெதுவாகத் தன் மூக்கில் வைத்துப் பார்த்தான். "இதுல ஒரு வாசனை வரும், சில பேருக்குப் பிடிக்காது. பிடிக்கலேன்னா வாயால ஊது. அந்தப் பக்கம் ஒரு பை இருக்கும், பலூன் மாதிரி உப்பும். எத்தன தடவ உப்ப வைக்கிறேன்னு நாளைக்கு எண்ணிச் சொல்றியா?" என்றார்.

போகிற போக்கில் என்னிடம், "அரைஞாண், கையில கட்டின கயிறு எல்லாத்தையும் ராத்திரியே நீங்களே கழட்டி வச்சிடுங்கம்மா. இங்க வந்து வெட்டினா பிள்ள பயப்படும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை பிள்ளைகளின் கண்ணைப் பார்த்திருந்தால் இது ஒருவருக்குத் தோன்றும்!

மொத்தம் பத்து நிமிடம் இருக்கும். நான் உங்களிடம் கேட்பது அந்தப் பத்து நிமிடத்தைத்தான்.

மறுநாள் அவன் அழவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தியேட்டர் வாசலில் உதடு பிதுங்கியது. ஆனால் மாஸ்க்கைப் பார்த்ததும் அவனே கையை நீட்டினான். மூன்று எண்ணினானாம், நான்கு வரவில்லையாம். வெளியே வந்தபோதும் முனகினான், பத்து நிமிடத்தில் அடங்கிவிட்டான். அன்றைக்கு வீட்டில் கேட்டவர்களிடமெல்லாம் பலூன் கதையைத்தான் சொன்னான்.

பட்டினி விஷயத்தையும் அங்கேதான் புரிந்துகொண்டேன். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடக் கூடாது, அதற்காகத்தான் வெறும் வயிறு. அது உயிர் விஷயம், அதில் நான் மாற்றுக் கருத்து சொல்ல வரவில்லை. ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் செரிப்பதில்லை. இட்லி, பால் மாதிரியானவற்றுக்கு ஆறு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நான்கு, வெறும் தண்ணீருக்கு இரண்டு என்பதுதான் உலகம் முழுக்கப் பல காலமாகச் சொல்லப்படும் கணக்கு. 2018இல் பிரிட்டன், பிரான்ஸ், ஐரோப்பாவின் குழந்தை மயக்கவியல் சங்கங்கள் ஒன்றுகூடி, ஆரோக்கியமான பிள்ளைக்குத் தண்ணீரை ஒரு மணி நேரத்துக்கு முன்புவரை கொடுக்கலாம் என்றே சொல்லிவிட்டன. எந்தக் கணக்கைப் பின்பற்றுவது என்பது உங்கள் முடிவு. "ராத்திரி பத்து மணியிலிருந்து" என்று எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வரியில் சொல்லாமல், இந்தப் பிள்ளைக்கு எத்தனை மணிவரை சோறு, எத்தனை மணிவரை தண்ணீர் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஆபரேஷன் தள்ளிப்போனால் யாராவது ஒருவர் வந்து சொல்லட்டும். புதுச்சேரியில் ஆபரேஷன் அன்று காலை அந்த சிஸ்டர் எட்டரை மணிக்கு வந்து, "முன்னாடி ஒரு எமர்ஜென்சி வந்திருக்கு, இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். மயக்க டாக்டரக் கேட்டுட்டேன், இப்ப அரை டம்ளர் தண்ணி குடுங்க" என்றார். அந்த அரை டம்ளரை அவன் குடித்த விதத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசிச் சொட்டுவரை அண்ணாந்து.

அப்புறம் ஊசி. பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து நான்கு பேர் கையையும் காலையும் அமுக்குவது எல்லா இடத்திலும் நடக்கிறது. எங்கள் தடுப்பூசி நாளிலும் நடந்திருக்கிறது, நானே காலைப் பிடித்திருக்கிறேன். தடுப்பூசி வலியைக் குறைப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2015இலேயே ஒரு வழிகாட்டு அறிக்கை வெளியிட்டது. கைக்குழந்தை என்றால் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே போடலாம், சின்னப் பிள்ளையைத் தாய் மடியில் அணைத்துக்கொள்ளட்டும், பெரிய பிள்ளை உட்கார்ந்திருக்கட்டும், பல ஊசி இருந்தால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடுங்கள், "வலிக்காது" என்று பொய் சொல்லாதீர்கள் என்றெல்லாம் அதில் இருக்கிறது. மடியில் வைத்துப் போட ஆரம்பித்த பிறகு எங்கள் புதன்கிழமையின் சத்தமே மாறிவிட்டது. அழுகை இருக்கிறது, அலறல் குறைந்துவிட்டது. வென்ஃப்ளான் போட வேண்டிய பிள்ளைக்கு, லிக்னோகெயினும் பிரிலோகெயினும் கலந்த மரத்துப்போகிற களிம்பு ஒன்று இருக்கிறது. ஒரு மணி நேரம் முன்னால் புறங்கையில் தடவி மேலே ஒட்டி வைக்க வேண்டும். எந்தப் பிள்ளைக்கு ஆகும், எதற்கு ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். எப்படியும் மணிக்கணக்கில் காத்திருக்கிறோம், அந்த நேரத்தில் ஒரு மணி நேரம் இதற்குப் பயன்படட்டும்.

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்பதையும் விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. எங்கள் பிள்ளைகளுக்குக் கட்டெறும்பு கடித்தால் எப்படி இருக்கும் என்று நன்றாகவே தெரியும். "பெரிய பையன் அழுவானா?" என்பதும் வேண்டாம். அழட்டும். "சுருக்குன்னு இருக்கும், மூணு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும், அழணும்னா அழுதுக்கோ, கைய மட்டும் ஆட்டாத" என்று சொன்னால் மூன்று வயதுப் பிள்ளைகூடக் கையை நீட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

தாயையோ தகப்பனையோ உள்ளே விடலாமா என்ற கேள்வி உங்களுக்குள்ளும் இருக்கும். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் குழந்தை வார்டிலேயே பெற்றோரை இஷ்டப்பட்ட நேரத்தில் விட மாட்டார்களாம். 1959இல் வந்த பிளாட் அறிக்கை அது தப்பு என்று சொன்ன பிறகுதான் மெல்ல மெல்லக் கதவு திறந்தது. நம் ஊரில் அந்தக் கவலை இல்லை. வார்டில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருப்பது நாங்கள்தான். கேள்வி மயக்கம் கொடுக்கும் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியது. தாயைச் சும்மா உள்ளே நிறுத்திவிட்டால் பிள்ளையின் பயம் குறைந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் ஜீவ் கெயின் என்ற மயக்கவியல் மருத்துவர் வருடக்கணக்காக இதையே ஆராய்ந்தவர். பயந்து நடுங்கும் தாய் உள்ளே வருவதால் பெரிய பலன் இல்லை என்பதையும் அவருடைய ஆய்வுகள் காட்டின. அதே சமயம், குடும்பத்தை முன்கூட்டியே தயார்செய்து, மாஸ்க்கை வீட்டிலேயே பழக்கி, உள்ளே என்ன பேச வேண்டும், எப்படிக் கவனத்தைத் திருப்ப வேண்டும் என்று பெற்றோருக்கும் சொல்லிக் கொடுத்தபோது, பிள்ளைகளின் பயம் குறைந்தது, தெளியும்போது கத்துவது குறைந்தது, வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது என்று 2007இல் அவருடைய குழு எழுதியது. முதல் ஆபரேஷன் அன்றைக்கு என்னை உள்ளே விட்டிருந்தால் நான் மயங்கி விழுந்து உங்களுக்கு இன்னொரு வேலை வைத்திருப்பேன். இரண்டாவது முறை விட்டிருந்தால் அவனோடு சேர்ந்து பலூன் எண்ணியிருப்பேன். எங்களை முதலில் தயார்செய்யுங்கள். கதவைத் திறப்பது அப்புறம்.

உள்ளே விட முடியாவிட்டாலும் பரவாயில்லை, தெளியும் நேரத்தில் பக்கத்தில் விடுங்கள். கண் திறக்கும்போது தெரிந்த முகம் ஒன்று இருக்கட்டும். அதற்கு முன்னால், "தெளியும்போது கத்தலாம், உங்களையே தெரியாத மாதிரி நடந்துக்கலாம், பயப்படாதீங்க" என்று ஒரு வார்த்தை.

கையெழுத்து வாங்கும் தாளையும் சொல்ல வேண்டும். நான் பன்னிரண்டாவது படித்தவள், எனக்கே அந்த ஆங்கிலத் தாளில் என் பிள்ளையின் பெயரைத் தவிர வேறொன்றும் புரியவில்லை. எங்கள் பக்கம் கடலுக்குப் போகிற குடும்பங்களும், பண்ருட்டிப் பக்கமிருந்து முந்திரிக்காட்டு வேலையை விட்டுவிட்டு வருகிற குடும்பங்களும் பெருவிரல் வைக்கிற இடத்தில் கைநடுங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். "பிள்ளை உயிருக்கு ஏதாவது ஆனா நாங்க பொறுப்பில்லன்னு எழுதி வாங்கிட்டாங்க" என்றுதான் வெளியே வந்து அழுகிறார்கள். அந்த பயத்தோடுதான் அவர்கள் பிள்ளையைத் தூக்குகிறார்கள். பிள்ளைக்கு அது உடம்பு வழியாகவே போய்ச் சேரும். தமிழில், பெரிய எழுத்தில், படம் போட்டு ஒரு பக்கம் இருந்தால் போதும்.

1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் ஜிப்மர் வளர்ந்து நிற்கிற ஊர் புதுச்சேரி. விழுப்புரம், கடலூர், இன்னும் தூரத்திலிருந்தெல்லாம் விடிவதற்கு முன்பே பேருந்து ஏறி வைத்தியத்துக்கு அங்கே வருகிறோம். உங்கள் மருத்துவத்தின் மேல் எங்களுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. நான் கேட்பவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புது மெஷின் வேண்டாம், புதுக் கட்டடம் வேண்டாம். வார்டுக்கு ஒருவர், முந்தின நாள் சாயங்காலம், பிள்ளைக்குப் பத்து நிமிடம். செவிலியர் பயிற்சி மாணவிகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்து அவர்களையே அனுப்பலாம். அவர்களுக்கும் பொறுமை இருக்கும், பிள்ளைகளுக்கும் அவர்களைப் பிடிக்கும்.

என்னால் முடிந்ததை நானும் செய்திருக்கிறேன். பழைய துணியில் பஞ்சு அடைத்து நான்கு பொம்மை தைத்து வைத்திருக்கிறேன். ஒன்றுக்குப் புறங்கையில் ஊசி இல்லாத வென்ஃப்ளான் குழாய் ஒட்டியிருக்கிறது, ஒன்றுக்கு அடிவயிற்றில் சின்னதாகத் தையல், ஒன்றுக்கு மாஸ்க். நான்காவதற்கு இடுப்பில் முடிச்சு அவிழ்க்கிற மாதிரி ஒரு கறுப்பு அரைஞாண். துவைத்து வெயிலில் காயவைக்கலாம், சாயம் போகாது. எங்கள் மையத்துப் பிள்ளைகள் இரண்டு மாதமாக அவற்றுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த வார்டுக்கு வேண்டும் என்று சொல்லுங்கள், புதன்கிழமை தவிர எந்த நாளும் நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
கடலூர் முதுநகர்ப் பக்கத்து அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர்